மார்க் இல்லாத நோட்டு

இங்கிலீஷ் டீச்சர் என்றால் கையில் சிவப்பு மை பேனா இருந்தே தீர வேண்டும் என்று ஒரு நினைப்பு. கரடியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலத்தில், வாரத்தில் ஒரு நாள் மட்டும் அந்தப் பேனாவை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிடுவேன். அன்றைக்கு வாசிப்பு நோட்டு. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர், 'மார்க் இல்லாத நோட்டு'.

விஷயம் எளிமையானதுதான். எண்பது பக்க நோட்டு ஒன்று. பாடத்தில் மனதில் நின்ற ஒரு வரியை இடது பக்கம் எழுத வேண்டும். அதைப் படித்தபோது என்ன தோன்றியதோ, அதை வலது பக்கம். நான் திருத்த மாட்டேன். கீழே பென்சிலால் இரண்டு வரி பதில் மட்டும் எழுதுவேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஒரு படைப்பின் பொருள் புத்தகத்தில் மட்டும் இல்லை, படிப்பவர் கொண்டுவரும் அனுபவமும் சேர்ந்தால்தான் அது உருவாகிறது என்று லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1938-லேயே புத்தகம் எழுதியிருக்கிறார்.

முதல் வாரம் முப்பத்திரண்டு நோட்டிலும் ஒரே வாசகம்: 'தி ஸ்டோரி இஸ் வெரி நைஸ். ஐ லைக் இட் வெரி மச்.' கைடைப் பார்த்தே எழுதிப் பழகிய கை வேறு என்ன எழுதும்? அதனால் எந்தக் கைடிலும் பதில் இல்லாத கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தேன். முதல் பாடம் லியாம் ஓ'ஃப்ளாஹர்ட்டியின் கடற்பறவைக் கதை. பறக்கப் பயப்படும் குஞ்சைப் பட்டினி போட்டு, மீனைக் காட்டி ஏங்கவைக்கிறது தாய். அது செய்தது நியாயமா?

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பையன் தாய்ப்பறவையின் கட்சி. காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் அவன் எழுந்திருக்கும் முன்பே அம்மா எஸ்டேட்டுக்குப் போய்விடுவாராம். தங்கைக்கும் சேர்த்து அவன்தான் சமையல். 'அம்மா இருந்தால் நான் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தான். ஐந்து வரியில் ஆறு பிழை. ஆனால் ஐந்து வரியும் அவனுடையவை.

அல்போன்ஸ் டோடேவின் 'தி லாஸ்ட் லெசன்' வந்தபோதுதான் நோட்டுகள் கனத்தன. 1870-71 போருக்குப் பிறகு, பிரான்ஸின் அல்சேஸ் பகுதிப் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு வருகிற கதை. என் வகுப்பில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன் மலைகளில் வாழும் இவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்வீகக் கதையைச் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான், மலைக்கே உரிய சொல்லும் இழுப்புமாக.

ஒரு பெண் நாலு வரி இங்கிலீஷில் எழுதிவிட்டு, முடியாமல் தமிழுக்குத் தாவியிருந்தாள். சேலத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் அவள் பாட்டி பேசியதைக் கேட்டுச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். 'அன்னையிலேர்ந்து கீழ போனா நான் பாட்டிகிட்ட பேசறதில்ல டீச்சர்.'

இரண்டு வரிக்குள் என்ன பதில் எழுத? 'பாட்டி பேசும் சொற்களில் ஐந்து எழுதிக்கொண்டு வா. எனக்கு அர்த்தம் தெரியாது. இங்கிலீஷில் சொல்லிக்கொடு' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் அவள் மட்டுமல்ல, வகுப்பில் பாதிப் பேர் சொற்களோடு வந்தார்கள். விதைப்புக்கு, மாட்டுக்கு, மழைக்கு என்று. அவற்றுக்கெல்லாம் இங்கிலீஷ் அகராதியில் நேர்ச்சொல் ஏது? சொந்தமாக வாக்கியம் அமைத்தால்தான் உண்டு. 'மழை நின்ற பிறகும் மரத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் தண்ணீர்' என்பதை இங்கிலீஷில் சொல்ல ஒரு பையன் அரை மணி நேரம் போராடினான். அவ்வளவு நேரம் அவன் இங்கிலீஷோடு மல்லுக்கட்டி நான் பார்த்ததே இல்லை.

பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் கையில் இந்த நோட்டுதான் சிக்க வேண்டுமா! "என்னம்மா இது? தப்பெல்லாம் அப்படியே விட்டிருக்கீங்க. இங்கிலீஷ் நோட்டுல தமிழ் வேற!" என்றார். பொதுவாக வருகிற பிழைகளைக் குறித்துக்கொண்டு, யார் எழுதியது என்று சொல்லாமல் மறுநாள் கரும்பலகையில் நடத்துவதைச் சொன்னேன். "நூத்துக்கு முப்பத்தஞ்சு வாங்க வழி பாருங்க" என்றார். அவர் கவலையும் பொய்யில்லை. நோட்டால் தேர்ச்சி கூடியது என்று நான் மார்தட்ட மாட்டேன். ஆனால் பத்தி எழுதும் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டு வந்தவர்கள், நாலு வரியாவது எழுதிவிட்டு வந்தார்கள்.

இதைச் செய்து பார்க்க நினைக்கும் டீச்சர்களுக்கு ஒன்று. முப்பத்திரண்டு நோட்டுக்கும் பதில் எழுத ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்கு அது வீட்டில் குழம்பு கொதிக்கிற நேரம். பதில் எழுதாவிட்டால் பிள்ளைகள் மூன்றாம் வாரமே 'வெரி நைஸ்' என்று பழைய பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் படிக்கக் கூடாது என்று நினைத்தால் பக்கத்தை மடித்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தேன். மடித்த பக்கத்தை நான் பிரித்ததில்லை.

பரீட்சைக்கு முன் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது சமையல்காரப் பையன் கேட்டான், "டீச்சர், இதுல இன்னும் இருபது பக்கம் இருக்கு. பதினொண்ணாவது டீச்சர் படிப்பாங்களா?"

பெரிய பள்ளி, பெரிய வகுப்பு. அவர்களுக்கு நேரம் இருக்குமோ என்னவோ. அட்டையின் உள்பக்கம் என் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். ஜூலையில் முதல் கடிதம் வந்தது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.