சண்முகாநதிப் பாசனத்தில் மரம் வெட்டும் கத்தரி எடுபடுமா?

உத்தமபாளையத்தில் இருந்து மேகமலை அடிவாரத்தை நோக்கிக் கிழக்கே போனால் ராயப்பன்பட்டி. ஊருக்கு மேலே சண்முகாநதி அணை. 52.5 அடி உயரமுள்ள இந்தச் சிறிய அணையை நம்பி 1,640 ஏக்கர் பாசனம் இருக்கிறது. அணைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்துதான் இங்கே திராட்சை, தென்னை, வாழையைக் காப்பாற்றுகின்றன. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் மண் இது.

பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் நுழையாது. அதனால்தான் திராட்சைக்காரர்கள் குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 போன்ற 24 குதிரைத்திறன் சின்ன டிராக்டர்களைத் தேடுகிறார்கள். உழவுக்கும் மருந்தடிப்புக்கும் வாங்கிய வண்டியிலேயே, வரப்போரச் சீமைக்கருவேலத்தை வெட்டும் ஹைட்ராலிக் கத்தரியையும் மாட்டலாமே என்ற யோசனை இப்போது வருகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் அது நியாயமான யோசனைதான்.

கத்தரி எப்படி வேலை செய்கிறது?

பாக்குவெட்டியைப் பெரிதாக நினைத்துக்கொண்டால் போதும். ஒரு பக்கம் தாங்கு பலகை, மறு பக்கம் தடித்த கத்தி. எண்ணெய் அழுத்தத்தில் நகரும் சிலிண்டர் கத்தியைத் தள்ளுகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தம் கொடுத்தால் சிலிண்டர் தள்ளும் விசை ஏறத்தாழ 11.8 டன். நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் தள்ளும் பம்பு, 30 செ.மீ. நீளத்துக்கு அந்தச் சிலிண்டரை நகர்த்த 7 விநாடி போதும். முள்ளுக்குள் கையை விடாமல் வெட்டலாம் என்பதுதான் பெரிய லாபம்.

ஆனால், வெளி ஹைட்ராலிக் இணைப்பு எல்லாச் சின்ன டிராக்டரிலும் இருக்காது. அந்த இரண்டு வண்டிகளின் தூக்கும் திறனும் 750 கிலோ. அது பின்கைகளின் நுனிக்கான கணக்கு. பாரம் பின்னால் தள்ளிப் போகப் போகத் தூக்கும் திறன் குறையும், முன்சக்கரம் லேசாகி மேலெழும். முன்னால் எடைக்கட்டை மாட்டாமல் வாய்க்கால் கரையில் ஏறுவது ஆபத்து. வெட்டிப் போட்ட முள் டயரையும் பதம் பார்க்கும்.

வெட்டினால் போதுமா?

இந்தக் கருவி அதிகம் புழங்குவது அமெரிக்காவின் ஒக்லஹோமா, டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களில். அங்கே சிவப்பு சீடர் என்ற மரத்தைத் தரையோடு வெட்டினால் அது மறுபடி துளிர்ப்பதில்லை. கத்தரியோடு வேலை முடிந்துவிடும். ஆனால், அதே டெக்சாஸில் வளரும் மெஸ்கீட் மரம் அப்படியல்ல. அது நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. வெட்டிய தூரில் இருந்து பல கிளையாக வெடிக்கும். அதனால் அங்கே வெட்டிய கையோடு அடிக்கட்டையில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள்.

அந்த வழியை ராயப்பன்பட்டிக்குக் கொண்டுவர முடியாது. 2,4-டி போன்ற களைக்கொல்லியின் சாரல் காற்றில் வந்தாலே திராட்சை இலை சுருண்டு, கொடி கெட்டுவிடும். நம் வரப்பில் தெளித்தது பக்கத்துப் பந்தலைப் பாழாக்கினால் தீராத பகைதான் மிஞ்சும். வாய்க்கால் கரையில் தெளித்தால் மருந்து தண்ணீரில் கலக்கும்.

1877-ல் ஜமைக்காவில் இருந்து விதை வரவழைத்து, கடப்பா பக்கம் நட்டதாகச் சொல்லப்படும் சீமைக்கருவேலம், இன்று தமிழ்நாட்டு வறண்ட நிலமெங்கும் பரவியிருப்பதற்கு இந்தத் துளிர்க்கும் குணமும் ஒரு காரணம். தரைக்குக் கீழே இருக்கும் தூரில்தான் அதன் மொட்டுகள் உள்ளன. தூரோடு தோண்டி எடுத்தால்தான் வேலை முடியும்.

எங்கே உதவும், எங்கே உதவாது?

ஜேசிபி வருவதற்கு முன் மேல்பகுதியை வெட்டி ஒதுக்கக் கத்தரி உதவும். வாடகை நேரம் மிச்சமாகும். இரண்டு முழ உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டு வெட்டினால் ஜேசிபி பிடித்து இழுக்கச் சுலபம். ஆட்டுத் தழைக்காக வளர்க்கும் சூபாபுல், கிளைரிசிடியாவுக்கு இது வேண்டாம். கத்தரி நசுக்கித்தான் வெட்டும். அடிக்கட்டை பிளந்தால் நல்ல துளிர் வராது. அதற்கு அரிவாளோ ரம்பமோ மேல். பட்டுப்போன தென்னைக்கும் ஆகாது. மரம் விழும் திசையைக் கத்தரி கட்டுப்படுத்தாது. ஆள் ஏறி, கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்குவதே பத்திரம்.

கையளவு கன்றுகளுக்கு இயந்திரமே வேண்டாம். மழை பெய்து மண் ஊறிய மறுநாள் வேரோடு பிடுங்கிவிடலாம்.

வாங்கும் முன்

வாய்க்கால் கரை மரம் அரசுடையது; அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. மேகமலை அடிவாரத்தில் நிலம் இருப்பவர்கள், தங்கள் கிராமம் 1955-ம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதியலாம். சிறு, குறு விவசாயிகளுக்கு இயந்திர மானியமும் உண்டு. கத்தரிக்கு அது பொருந்துமா என்று அலுவலகத்தில் கேட்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

இரண்டு ஏக்கர்காரர் வருடத்தில் சில நாள் வேலைக்காக இதைத் தனியாக வாங்கினால் கடன்தான் நிற்கும். பத்துப் பேர் சேர்ந்து வாங்கினாலும், தூர் தோண்டும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். தூரை விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடியும் முள்தான்.