மட்டம் பார்த்த ரியூப்

2012இல் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி வன்னியில் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு 550,000 இலங்கை ரூபா தந்தார்கள். காசு கட்டங்கட்டமாக வந்தது. கட்டுவிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பாக இருந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தனித்து நின்று கட்டுவித்த பெண்களை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கு.

அப்படி வீடு கட்டேக்கை மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிறது, தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியிற பிளாஸ்டிக் ரியூப்பாலை. ஒரு முனையை ஒரு மூலைக் கட்டையில் பிடித்தால், மற்ற முனையில் தண்ணீர் எங்கே நிற்குதோ அதுதான் மட்டம். இடையில் மரம் நின்றாலும் மண்மேடு கிடந்தாலும் பிசகாது. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மட்டும் அளவு பிழைக்கும்; தட்டித் தட்டி அதை வெளியேற்ற வேணும்.

வேலை முடிஞ்சதும் அந்த ரியூப்பை எறிஞ்சு போடாதேங்கோ. ஒரு சாண் வெட்டி, நெடுக்காகக் கீறி, வாளியின் கைபிடிக் கம்பியில் மாட்டுங்கோ. கிணற்றடியிலிருந்து தண்ணீர் காவுகிற கை நோகாது. மாங்கன்றைத் தடியோடு கட்டும் கம்பியையும் ரியூப்புக்குள்ளால் விட்டுக் கட்டினால் பட்டை அறுபடாது.

மிச்ச ரியூப் பீப்பாவிலிருந்து தண்ணீர் இறக்கவும் உதவும். மண்ணெண்ணெயை மட்டும் ரியூப்பால் வாய் வைத்து உறிஞ்சவே வேண்டாம். கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலே உயிராபத்து. அதுக்குப் புனல் ஒன்று வாங்கி வையுங்கோ.