திருப்பரங்குன்றம் டு உசிலம்பட்டி... சின்ன பட்ஜெட்டில் கல்யாண வீடியோ!

முகூர்த்த நாளில் பொழுது விடிவதற்கு முன்பே, திருப்பரங்குன்றம் சந்நிதித் தெருவில் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் வந்து இறங்கிவிடுவார்கள். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம் என்பதால், மதுரைப் பக்கம் பல குடும்பங்களுக்குக் கல்யாணம் என்றாலே முதல் படைவீடுதான். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணத்துக்கு இங்கிருந்து முருகனே கிளம்பிப் போகிறார்!

அப்படிப்பட்ட ஊரில் வீடியோகிராபருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால், ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியைத் தவிர்க்கும் வீடுகளும் உண்டு. இ.எம்.ஐ மட்டும் 12 மாதமும் தவறாமல் வரும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சோனி ஏ7 ஃபோர் 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது, லென்ஸ் இல்லாமலேயே இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அருமையான கேமராதான், ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவு செய்யும். ஆனால், கடன் வாங்கி ஒரு பெரிய கேமரா எடுப்பதைவிட, இசட்வி-ஈ10 போன்ற சின்ன கேமராக்கள் இரண்டு வைத்திருப்பதே இந்த ஊருக்குச் சரி. செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இன்னும் நல்லது.

காரணம், தாலி கட்டும் நொடி. கெட்டிமேளம் கேட்டதும் அட்சதையோடு அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். ஒரு பெரியப்பாவின் முதுகு போதும், ஃபிரேம் போச்சு. ‘இன்னொரு தடவை கட்டுங்க’ என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது.

இரண்டாவது கேமராவுக்கு செல்போன் போதாதா? மண்டபத்தில் சரி. கோயிலுக்குள் கஷ்டம். மீனாட்சியம்மன் கோயிலில் 2018-லிருந்தே செல்போனுக்குத் தடை. தமிழகக் கோயில்கள் எல்லாவற்றிலும் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் உத்தரவிட்டது. கேமராவுக்கும் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த செலவு லென்ஸ். கல்தூண் மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு, லைட் ஸ்டாண்டு வைக்கவும் இடமிருக்காது. கேமராவோடு வரும் கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப்5.6. எஃப்1.8 லென்ஸ் அதைப்போல சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிம்பலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெரிசலில் நிற்க மோனோபாட்தான் தோது.

மண்டபத்துக்கு வந்தால் டியூப்லைட் தொல்லை. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 50-ல் ஒரு பங்கு, ஃபிரேமை 25 என்று வைத்தால் வீடியோ மினுக்காது. சத்தத்தை கேமரா மைக்கை நம்பி விடக் கூடாது. தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்து எழும்பும்போது ஆட்டோ லெவல் திணறும், அப்பத்தா போடும் குலவை காணாமல் போகும். மணவறை ஓரம் சின்ன ரெக்கார்டர் ஒன்றை, லெவலைக் குறைத்து வைத்துவிட வேண்டும்.

கோயிலும் மண்டபமும் முடிந்தால் சில கல்யாணங்கள் உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு நகரும். உச்சி வெயிலில் தாய்மாமன் சீர் கொட்டுமேளத்தோடு வரும். அதே ஷட்டரில் எடுத்தால் எல்லாம் வெளுத்துவிடும், கேமராவுக்குக் கூலிங்கிளாஸ் மாதிரி ஒரு என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். இசட்வி-ஈ10-ல் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது. வெயிலில் ஸ்கிரீனைத் துண்டால் மறைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பேட்டரியும் சின்னது, கையில் நான்காவது இருக்க வேண்டும்.

ஒரே ஒரு கார்டு ஸ்லாட் என்பதுதான் இதன் உண்மையான ஆபத்து. தாலி கட்டி முடிந்ததுமே இரண்டு கேமராவிலும் கார்டை மாற்றி, எடுத்ததைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். கடைசிப் பந்தியில் இலை முன்னால் உட்காரும்போதும் கை ஒருமுறை அந்தப் பையைத் தடவிப் பார்க்கும். ராத்திரி வீடு திரும்பி இரண்டு ஹார்டு டிஸ்க்கில் காப்பி ஏறிய பிறகுதான் தூக்கம்.