இன்னும் ஒரு கரண்டி

நானும் என் மனைவியும் இப்போது இருப்பது பூதிகோட்டையில். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பூதி என்றால் திருநீறு, சாம்பல். இந்தப் பெயரின் அருமை எனக்குத் தெரிந்தது அறுபது வயதுக்கு மேல், அவரைக்கொடிக்கு அடுப்புச் சாம்பல் தூவக் கற்றுக்கொண்டபோதுதான். பனி ஈரம் காய்வதற்குள் இலையில் தூவிவிட்டால் அசுவினி மட்டுப்படும். அடுப்பில் எரிந்தது செடிக்குப் போகிறது, செடியில் காய்த்தது அடுப்புக்கு வருகிறது.

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன் நான். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். பிறகு எங்கள் பக்கத்து ஜனங்கள் பலரையும்போல நானும் விடிவதற்கு முன் ரயிலேறி, பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போனேன். ஷிப்டுக்குச் சங்கு ஊதிய காலத்திலும் சரி, ரயிலைப் பிடிக்க ஓடிய காலத்திலும் சரி, நான் கண் விழிக்கும்போது வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். தூக்குச்சட்டியில் சாப்பாடு தயாராக இருக்கும். அதைச் செய்தவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவளுக்கு முழங்கால் வலி முற்றி, அடுப்படியில் நிற்க முடியாமல் போனபோது கரண்டி என் கைக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டோம். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. போர்வெல் ஆயிரம் அடிக்குக் கீழே போயும் தண்ணீரைத் தேடும் சீமை. அதனால் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் பாத்திக்குத்தான். கத்தரி, தக்காளி, தண்டுக்கீரை, வேலியோரம் அவரை. தக்காளிக்குப் பேர்போன கோலாரில் எதற்கு வீட்டில் வளர்ப்பது என்று கேட்கலாம். சந்தையில் வாங்கினால் கிடைத்ததைச் சமைக்கிறோம். தோட்டம் இருந்தால், "இன்னிக்கு இன்னாம்மா பறிக்கட்டும்?" என்று வாசற்படியில் உட்கார்ந்திருப்பவளைக் கேட்க முடிகிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டது தோட்டம் வந்த பிறகுதான்.

மார்கழியில் ஒரு நாள், "பிதுக்கம்பருப்புக் குழம்பு" என்றாள். பனிக்காலத்து அவரைக்குத் தனி வாசனை உண்டு. கன்னடத்தில் அதைச் சொகடு என்பார்கள். காயை உரித்துக் கொட்டையை இரவே ஊறப்போட்டேன். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்த வேண்டும். தோல் விரலோடு நின்றுவிடும், பருப்பு கிண்ணத்தில் துள்ளி விழும். இரண்டு பேருக்கான குழம்புக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. முன்பெல்லாம் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு நான் கை கழுவிய குழம்பு அது.

தேங்காய், கசகசா, இஞ்சி, பூண்டு அரைத்துவிட்டு, அவள் சொன்னபடி மிளகாயைப் பாதியாகக் குறைத்தேன். "உனக்குக் காரம் ஆகாதா?" என்றேன். "எனக்கு எப்பவுமே ஆகாதுங்க. ஷிப்டு முடிஞ்சு வர்றவருக்குக் காரமா இருந்தாத்தான் எறங்கும்னு போட்டேன்" என்றாள்.

களி உருண்டையைத் தட்டில் வைத்து, குழி செய்து, குழம்பை ஊற்றினேன். சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து, "இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க" என்றாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் இருப்பதை வழித்துச் சாப்பிட்டவள் யாரிடம் போய் இன்னும் வேண்டும் என்று கேட்பாள்? "போதும்" என்பதும் "இன்னும் கொஞ்சம்" என்பதும் பரிமாற ஆள் இருப்பவர் மட்டுமே சொல்லக்கூடிய வார்த்தைகள். நான் இரண்டையும் ஆயுள் முழுக்கச் சொன்னேன். அவளுக்கு அன்றைக்குத்தான் வாய்த்தது.

இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மனைவிக்கு முழங்கால் நோகும்வரை காத்திருக்காதீர்கள். தோட்டம் இல்லாவிட்டால் ஜன்னலோரம் ஒரு தொட்டியில் கொத்தமல்லி போதும். வாரத்தில் ஒரு நாளாவது அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு, சமைத்து, அவளை உட்காரவைத்து நீங்கள் பரிமாறுங்கள். அவள் தட்டைப் பாருங்கள். பக்கத்திலேயே வாழ்ந்தும் தெரியாமல் போனவை அந்தத் தட்டில் தெரியும்.

இன்றைக்குத் தண்டுக்கீரை கேட்டிருக்கிறாள். இளசாகப் பார்த்துப் பறித்து வைத்திருக்கிறேன். சாப்பிடப்போவது இரண்டு பேர்தான். ஆனாலும் ஒரு கரண்டி கூடுதலாகவே சமைப்பேன், அவள் கேட்பதற்காக.