சொல்லாமல் போட்ட குளிசை

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கருத்தடைக் குளிசை பாவித்தால் அது அவளுக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் மட்டுமே தெரிந்த விடயமாக இருக்கும். மாமியாருக்குத் தெரியாது; சிலவேளை கணவருக்கும் தெரியாது. அரிசி வாளிக்குள்ளும் சாமிப்படத்துக்குப் பின்னாலும் குளிசை அட்டைகள் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

2009இல் காலில் ஷெல் துண்டு பட்ட சகோதரி ஒருத்திக்குக் கெண்டைக்கால் திடீரென வீங்கியது. பழைய காயத்தின் கோளாறு என்று நினைத்து வீட்டில் எண்ணெய் பூசி உருவிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ?" என்று டொக்டர் கேட்டார். பக்கத்தில் மாமியார். "ஒண்டும் இல்லை" என்றாள். மாமியார் தேத்தண்ணி வாங்கப் போன பிறகுதான், "மிஸ், ஆறு மாதமா குளிசை போடுறன்" என்று மெல்லச் சொன்னாள். டொக்டரிடமும் அவளே சொன்னாள். ஸ்கான் செய்தபோது காலின் ஆழமான நாளத்தில் இரத்தம் கட்டியிருந்தது.

வழமையான கருத்தடைக் குளிசையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் உண்டு. அதனால் ஈரல், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. உறைவதைத் தடுக்கும் சில புரதங்கள் குறைகின்றன. அசைவு குறைந்த காலில் இரத்தம் மெதுவாக ஓடுவதால் கட்டுவது இன்னும் இலகு. கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வீங்கிய காலை உருவக்கூடாது என்பதும் இதனால்தான்.

இதை வாசித்துவிட்டுக் குளிசையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குளிசை போடாத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இப்படி இரத்தம் கட்டுகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் கலந்த குளிசை பாவிப்போரில் அது 5 முதல் 7 பேர். கர்ப்பகாலத்திலும் பிள்ளை பெற்ற முதல் வாரங்களிலும் ஆபத்து இதைவிட அதிகம். குளிசை தொடங்கிய முதல் வருடத்தில்தான் கூடுதல் கவனம் தேவை.

ஆனால் சக்கரநாற்காலியில் இருப்பவர்கள், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர்கள், தமக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ முன்பு இரத்தம் கட்டியவர்கள், பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாதவர்கள் குளிசை தொடங்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். செப்பு லூப் போன்ற, ஈஸ்ட்ரோஜன் இல்லாத முறைகளும் இருக்கின்றன.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு குத்தினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் குளிசை பாவிப்பதைச் சொல்லுங்கள். ஆட்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாதென்றால், அந்த அட்டையைத் தாதியின் கையில் கொடுத்தாலே போதும்.