பழி டை மேல்

ஸ்கேனுக்கு டை ஊசி போட்டால் கிட்னி போய்விடும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யார் சொன்னது என்றுதான் யாருக்கும் தெரியாது. நெடுநாள் சர்க்கரை நோயாளியான எனக்கும் அந்தப் பயம் உண்டு.

போன கோடையில் விடாத வாந்தி, வயிற்று வலி. கான்ட்ராஸ்ட், அதாவது அந்த டை, கொடுத்து சிடி எடுக்க வேண்டும் என்றார்கள். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4. சம்மதப் படிவத்தில் 'சிறுநீரகப் பாதிப்பு' என்ற வரியைப் பார்த்ததும் கை தயங்கியது. "எடுக்கலேன்னா உள்ள என்ன இருக்குன்னு எப்படிங்க தெரியும்?" என்றாள் மனைவி. கையெழுத்துப் போட்டேன். ஊசி ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவியது. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று கூசிப்போனேன். பலருக்கும் அப்படித் தோன்றுமாம், போகவில்லை!

இரண்டு நாள் கழித்து கிரியேட்டினின் 1.8. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டார் அண்ணன். சிறுநீரக மருத்துவரோ டையை விட்டுவிட்டு மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக்கைச் சொன்னேன். உடம்பில் நீர் வற்றும்போது கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருங்கவிடாமல் காக்கும் பொருளின் சுரப்பை அந்த மாத்திரை தடுத்துவிடும். "டைக்கும் பங்கு இருக்கலாம் சார், பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு முதல் சந்தேகம் வாந்தி மேலயும் இந்த மாத்திரை மேலயும்தான்" என்றார். மாத்திரையை நிறுத்தி, சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

டை கொடுத்து எடுத்தவர்களையும் கொடுக்காமல் எடுத்தவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், கிட்னி ஓரளவு நன்றாக வேலை செய்கிறவர்களிடம் இரு பக்கமும் கிரியேட்டினின் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏறியிருக்கிறது. ஸ்கேன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றிய உடம்பில் அது டை இல்லாமலேயே ஏறக்கூடும். அதற்காக டை முழு நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. கிட்னி வடிகட்டும் திறனைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கும், கிட்னி ஏற்கெனவே திடீரென்று பழுதானவர்களுக்கும் முன்கூட்டியே சலைன் ஏற்றும்படி 2020-இல் அமெரிக்க ரேடியாலஜி, சிறுநீரக அமைப்புகள் சேர்ந்து பரிந்துரைத்தன. என்னைப் போன்றவர்கள் பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து.

ஸ்கேனுக்குப் போகும்போது கிரியேட்டினின் ரிப்போர்ட்டோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், சீட்டில்லாமல் கடையில் வாங்கியதையும் சேர்த்து.