எள்ளில் பிறந்த சொல்

கார் எஞ்சினிலிருந்து கழற்றிய வால்வு மூடியைத் திருவனந்தபுரத்து வீட்டு முற்றத்தில் வைத்துக் கழுவ முற்படுவோர் முதலில் தேடுவது மண்ணெண்ணெயையே. எஞ்சின் எண்ணெயும், எரிபொருள் முழுமையாக எரியாததால் உண்டாகும் கரித்தூளும், வெளிப்புழுதியும் வெப்பத்தில் இறுகிப் படிந்ததே பிசுக்கு எனப்படுவது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு எண்ணெயை ஒதுக்கிவிடுவதால் தண்ணீர் அதன்மேல் உருண்டோடுகிறது. எஞ்சின் எண்ணெயைப் போலவே ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்தமைந்த மண்ணெண்ணெயோ உள்ளே ஊடுருவி அதைக் கரைத்துவிடுகிறது. பெட்ரோலும் கரைக்குமெனினும், அதன் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும் என்பதால் வீட்டில் அதைத் தொடலாகாது.

எண்ணெயை எண்ணெயே கழுவும் இவ்விடத்தில் அச்சொல்லின் பிறப்பு நினைவுக்கு வருகிறது. எள்ளின் நெய்யே எண்ணெய். ஒரு சிறு விதைக்கு உரிய பெயர் தேங்காய்க்கும் ஆமணக்குக்கும் பரவி, நிலத்தடியிலிருந்து எடுத்த பொருளுக்கு மண்ணெண்ணெய் என்றாகி, எஞ்சினுக்குள்ளும் புகுந்துவிட்டது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் தமிழர் தேங்காய் எண்ணெய் என்று கேட்பதை மலையாளிகள் வெளிச்செண்ண, அதாவது வெளிச்சத்துக்கான எண்ணெய், என்பர். அது எதிலிருந்து வந்தது என்பதைத் தமிழ்ப்பெயரும், எதற்காக வந்தது என்பதை மலையாளப்பெயரும் காக்கின்றன. அப்பெயரின் பொருத்தம் விளக்கைத் துலக்குவோருக்கு நன்கு விளங்கும்: நல்லெண்ணெயில் மிகுந்துள்ள நிறைவுறாத கொழுப்பமிலங்கள், அதாவது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் சேரக்கூடியவை, நாள்பட நாள்படப் பித்தளையின்மேல் பசைபோல் இறுகுகின்றன; பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பமிலங்களால் ஆன தேங்காய் எண்ணெய் அவ்வாறு எளிதில் இறுகுவதில்லை. அதே எண்ணெய் காஸ்டிக் சோடாவுடன் சேர்ந்து நன்கு நுரைக்கும் சோப்பாகி, மண்ணெண்ணெய் விட்டுச்சென்ற மெல்லிய படலத்தையும் வெந்நீரோடு அகற்றுகிறது. சோப்பாக மாறாத காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாகத்தில் இட்டால், அது உலோகத்தையே அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

எஞ்சுவது கழுவிக் கறுத்த மண்ணெண்ணெய். அதைச் சாக்கடையில் ஊற்றினால், தோடு என மலையாளத்தில் வழங்கும் ஓடைகளுள் ஒன்றான, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமயிழஞ்சான் தோட்டை அடைந்து, ஆக்குளம் காயலில் போய்க் கலக்கக்கூடும். மண்ணெண்ணெயைச் சில நாள் அசையாது வைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிந்ததை மறுமுறைக்கு வைத்துக்கொண்டு, கசட்டைப் பழைய எஞ்சின் எண்ணெய் சேகரிப்போரிடம் கொடுப்பதே முறை. ஆமயிழஞ்சான் என்ற பெயருக்குள் ஊர்ந்து செல்லும் ஆமை ஒன்று இருக்கிறது. எள்ளே இல்லாத எண்ணெய்க்குள் எள் சொல்லாக மட்டும் எஞ்சியிருப்பதில் இழப்பில்லை. ஆமை ஓடையின் பெயரில் மட்டும் எஞ்சுவது பேரிழப்பாகும்.